ரிஃபாக்ஸிமின் 550 மாத்திரை: குடல் சுவரைக் காக்குமா?

மதுவால் கல்லீரல் சுருங்கி, ஒருமுறையாவது நினைவு குழம்பிப்போனவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ரிஃபாக்ஸிமின் 550 மில்லிகிராம் மாத்திரையை எங்கள் பெரியப்பா காலையும் இரவும் சாப்பிட்டு வருகிறார். எங்கள் பகுதி மருந்துக் கடையில் இதைக் ‘குடலைச் சுத்தம் செய்யும் மாத்திரை’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைதான்.

குடலின் உட்சுவரில் செல்களை நெருக்கமாகப் பிணைத்திருக்கும் இணைப்புகளை மதுவும், அது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடும் தளர்த்திவிடுகின்றன. அந்த இடைவெளி வழியாகப் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருள்கள் போர்ட்டல் சிரைக்குள் புகுகின்றன. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தச் சிரை வழியாகவே வருவதால், குடல் கெட்டால் முதல் அடியை வாங்குவது கல்லீரல்தான். ரிஃபாக்ஸிமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலந்து, குடலுக்குள்ளேயே தங்கி, மூளையைக் குழப்பும் நச்சுகளை உண்டாக்கும் பாக்டீரியாக்களை அடக்குகிறது. சுவரை ஒட்டவைக்கும் பசை என்று எண்ணி இதை வாங்குபவர் ஏமாந்துபோவார்.

நினைவுக் குழப்பம் திரும்ப வராமல் தடுப்பதில் இதற்கு வலுவான சான்று உண்டு. 299 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குள் மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 46 சதவீதத்தினருக்கும், இதை எடுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கும் குழப்பம் மீண்டும் வந்தது. பலரும் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பையும் சேர்த்தே குடித்தார்கள். திகட்டும் இனிப்பு, வயிற்று உப்புசம், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் என்று அந்தச் சிரப் படுத்தும் பாட்டில், விலையுயர்ந்த மாத்திரை வந்துவிட்டதே என்று பாட்டிலை ஓரங்கட்டத் தோன்றும். மருத்துவர் சொல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது.

மதுவால் வரும் கல்லீரல் நோய் முற்றும் முன்பே கொடுத்தால் என்ன ஆகும் என்று டென்மார்க்கில் 136 பேரிடம் பதினெட்டு மாதங்கள் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கல்லீரல் தழும்பு குறைவதில் வேறுபாடு தெரியவில்லை. தழும்பு கூடியவர்கள் மட்டும் மாத்திரைக் குழுவில் குறைவாக இருந்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் லேசான கல்லீரல் கொழுப்புக்கு இதைக் கேட்டு வாங்க அது போதாது.

பெரிய குறை விலை. மாதக்கணக்கில் தொடர வேண்டியிருப்பதால், வேறு நிறுவனத் தயாரிப்பில் மலிவானது உண்டா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது நல்லது. சிலருக்குக் கால் வீக்கமும் தலைசுற்றலும் வரலாம்; நோயும் அவற்றைத் தருவதால் எது எதனால் என்று வீட்டில் இருப்பவர்களால் பிரித்தறிய முடியாது. இதோடு கடைக்காரர் நீட்டும் ‘குடல் நல’ புரோபயாட்டிக் பொடியை நான் வாங்கவில்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

நினைவுக் குழப்பத்தைத் தடுக்கும் மருந்தாக ஐந்துக்கு நான்கு தருவேன். குடல் சுவருக்கென்று தனி மதிப்பெண் தர மாட்டேன், ஏனெனில் மதுவை நிறுத்திய மூன்று வாரங்களிலேயே குடல் கசிவு பெரும்பாலும் சீரானதை பெல்ஜிய ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மாத்திரையைத் தவறாமல் எடுத்தும் கை நடுங்கினாலோ, பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.