லான் நடைச்சுற்றுலா: எருதுகள் உண்டு, ஆயரைக் காணோம்

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண். அதுவும் மாடுகளுக்காக.

பாரிஸின் கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் வட பிரான்ஸின் லான் ஊருக்கு வர. லான் ஸ்டேஷன் கீழே, பழைய ஊர் மலைமேல். முன்பு ஓடிய குட்டி ரயிலை 2016இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டே, ஆன்லைனில் பதிந்து வைத்திருந்த நடைச்சுற்றுலாவில் போய்ச் சேர்ந்தேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம்.

கதீட்ரலில் குறையே இல்லை. கோபுரங்களிலிருந்து 16 கல் எருதுகள் எட்டிப் பார்க்கின்றன, மலைமேல் கல் இழுத்த மாடுகளுக்குச் செய்த மரியாதையாம். வழிகாட்டி இதை ரசித்துச் சொன்னார். அப்புறம் தூண், ஜன்னல், வளைவு, மறுபடி ஜன்னல். இப்போது நிற்பது 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் எழுந்தது என்றார். சரி, அதற்கு முன் இருந்த கோயில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தீ விபத்து" என்று முடித்துவிட்டார்.

விபத்தா! லானுக்கு நான் போனதே அந்தத் தீக்காகத்தான். அன்றைக்கு ஆயர்தான், அதாவது கதீட்ரலின் பிஷப்தான், ஊருக்கும் பிரபு. ஆயர் கோத்ரி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஊர்க்காரர்கள் குருமாருக்கும் பிரபுக்களுக்கும் பணம் கொடுத்துத் தங்களுக்கென்று ஒரு கொம்யூன் அமைத்துக்கொண்டார்கள், அதாவது ஆண்டுக்கு இவ்வளவு வரி, அதற்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்ற ஏற்பாடு. திரும்பி வந்த ஆயர் குதித்தார், பிறகு அவரும் பணம் வாங்கிக்கொண்டு சத்தியம் செய்தார். பிரெஞ்சு அரசர் ஆறாம் லூயிக்கும் ஒரு பங்கு போனது. 1112 ஈஸ்டருக்கு அரசர் வந்தபோது, கொம்யூனைக் கலைக்க ஆயர் 700 லீவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) தருகிறேன் என்றார், காப்பாற்ற ஊர்க்காரர்கள் 400 சொன்னார்கள். அரசர் 700ஐ எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆயரோ, அமைக்க அவரவர் எவ்வளவு கொடுத்தார்களோ அவ்வளவையும் கலைப்பதற்குக் கொடுங்கள் என்று வசூலுக்கு இறங்கினார்! ஏப்ரல் 25 அன்று "கொம்யூன்! கொம்யூன்!" என்று கத்திக்கொண்டு கூட்டம் மாளிகைக்குள் புகுந்தது. வேலைக்காரன் உடையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த ஆயரை முடியைப் பிடித்து வெளியே இழுத்துக் கொன்றார்கள், கலவரத்தில் மூண்ட தீ கதீட்ரல்வரை பரவியது.

1128இல் அதே அரசர் ஊருக்குப் புது சாசனம் கொடுத்தார், ஆனால் கொம்யூன் என்ற சொல் ஆகாது, "அமைதி" என்றுதான் அதற்குப் பெயர். சுற்றுலாவில் இதில் ஒரு வரிகூட இல்லை. ஆயர் மாளிகை வாசலில் நிற்க வைத்துவிட்டு, பக்கத்தில் நல்ல கிரெப் (மெல்லிய பிரெஞ்சு தோசை) கடை எது என்று வழிகாட்டி பத்து நிமிடம் பேசினார். (கிரெப் நன்றாகத்தான் இருந்தது.)

காதில் மாட்டக் கொடுத்த கருவியும் பாதி நேரம் கரகரத்தது. கதீட்ரலுக்குள் போக டிக்கெட் கிடையாது, அதனால் போகிறவர்கள் இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி, கிளம்பும் முன் கிபேர் த நோஜான் என்ற அந்தக் காலத்துத் துறவி இந்தக் கலவரத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆள் கொம்யூனைக் கண்டபடி திட்டுவார், ஆனால் ஆயரையும் விடமாட்டார்.