வைஃபை 7 ரௌட்டரா, ஒரு கேட் 6 கேபிளா?

சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி வாசல் பக்கம், டிவி மேசைக்குக் கீழே. மகள் படிக்கும் அறை வீட்டின் மறுகோடியில். நடுவில் பாம் ஷெல்டர், வீட்டுக்குள்ளேயே கட்டிய குண்டுப் பாதுகாப்பு அறை. மாதாமாதம் 1 கிகாபிட், அதாவது 1,000 மெகாபிட் வேகத்துக்குக் காசு கட்டுகிறோம். அவள் அறையில் சோதித்தால் 50 மெகாபிட். கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை.

"பழசைத் தூக்கிப் போடுங்க மாமா, வைஃபை 7 வாங்குங்க" என்றான் மைத்துனன். மின்சாதனக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு மாடி ஏறி இறங்கியதில் எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன: பெரிய ரௌட்டர் ஒன்று, ஒன்றுக்கொன்று கம்பியில்லாமல் பேசும் பெட்டிகள் கொண்ட மெஷ் செட் ஒன்று, அல்லது கேட் 6 என்ற வகை இணையக் கேபிளை இழுத்து மறுமுனையில் சின்னதாக ஓர் அக்சஸ் பாயின்ட், அதாவது அங்கிருந்து வைஃபை பரப்பும் பெட்டி.

முதலில் பெரிய ரௌட்டர். பெட்டியில் 19000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. எந்த ஒரு போனுக்கும் அது கிடைக்காது. வைஃபை 7இன் பெருமையே 6 கிகாஹெர்ட்ஸில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்தான், தரவு ஓடும் பாதை அது. சிங்கப்பூரில் 2023இல் அந்த அலைவரிசையில் வைஃபைக்குத் திறந்துவிட்டது 500 மெகாஹெர்ட்ஸ். அப்படிப்பட்ட சேனல் அதில் ஒன்றுதான் அடங்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சுவர். அலைவரிசை ஏற ஏறச் சுவரைத் துளைக்கும் தெம்பு குறையும்: 2.4 கிகாஹெர்ட்ஸ் போகும் இடத்துக்கு 5 போகாது, 5 போகும் இடத்துக்கு 6 போகாது. ஷெல்டர் சுவரோ கம்பி கட்டிய கான்கிரீட், கதவு இரும்பு. எத்தனை ஆன்டெனா முளைத்திருந்தாலும் அதனிடம் பருப்பு வேகாது. சரி, 2.4இலேயே இருந்துவிடலாம் என்றால் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஆனால் ஷெல்டர் இல்லாத பழைய மூவறை வீடு என்றால் கதை வேறு. அங்கே நடுத்தர விலையில் ஒரு வைஃபை 6 ரௌட்டரை வீட்டு நடுவில், கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் வைத்தாலே போதும். அலமாரிக்குள் ஒளித்து வைப்பவர்களுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

அடுத்தது மெஷ். வாடகை வீட்டுக்கு, சுவரில் கை வைக்க முடியாதவர்களுக்கு, இதுதான் சரி. ஆனால் மலிவான இரு அலைவரிசை செட்டில் இரண்டாம் பெட்டி ஒரே 5 கிகாஹெர்ட்ஸில் தாய்ப்பெட்டியோடும் பேச வேண்டும், உங்கள் போனோடும் பேச வேண்டும். வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இதற்கென்றே தனி அலைவரிசை வைத்த செட்டுக்கு விலை கூடுதல். எல்லாரும் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே இரண்டாம் பெட்டியை வைப்பது. அதற்கே சிக்னல் வராத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? பாதி வழியில், தாய்ப்பெட்டிக்கு நேராக வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பாதி வழியில்தான் ஷெல்டர் நிற்கிறது.

பிளக் பாயின்ட் வழியாக அனுப்பும் பவர்லைனை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஏர்கான் ஓடும்போது ஒரு வேகம், ஓடாதபோது ஒரு வேகம். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆக, கேபிள். புதிய பிடிஓ (முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் வீவக) வீட்டுக்காரர்கள் முதலில் அறைச் சுவரில் இணையக் கேபிள் செருகும் டேட்டா பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஷெல்டர் சுவரில் துளை போடக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் உண்டு. ஊடுருவிக் கேபிள் விடும் பேச்சுக்கே இடமில்லை. அதனால் சுவரடியோடு, பசைநாடா ஒட்டிய டிரங்கிங்கில், கேபிளை மறைக்கும் பிளாஸ்டிக் குழலில், சுற்றிப் போனோம்.

கேட் 6 போதும். 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டே தாங்கும். எந்த வீவக வீட்டில் அவ்வளவு தூரம்? கேட் 6ஏ தடிமன், மூலையில் வளையாமல் முரண்டு பிடிக்கும். கடையில் நுனியை மட்டும் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனனும் நானும் உட்கார்ந்தோம். முனையில் பிளக்கை நானே இடுக்கியால் அழுத்தி கிரிம்ப் செய்தேன். விளக்கு எரிந்தது, இணையம் வந்தது, சோதித்தால் 94 மெகாபிட். மறுபடியும் 94. கிகாபிட்டுக்கு உள்ளிருக்கும் 8 கம்பிகளும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒன்று தொடாவிட்டாலும் இணைப்பு சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடலாம். பிளக்கைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் பழுப்புக் கம்பி ஒரு மயிரிழை உள்ளே போகாமல் நிற்கிறது. வெட்டி மறுபடி போட்டோம். 938.

மொத்தச் செலவு, கேபிள், டிரங்கிங், ஒரு வைஃபை 6 அக்சஸ் பாயின்ட் எல்லாம் சேர்த்து, மைத்துனன் சொன்ன ரௌட்டரின் விலையில் பாதிகூட ஆகவில்லை. 10 கிகாபிட் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மடிக்கணினியில் கேபிள் செருகும் லேன் ஓட்டை 1 கிகாபிட்தானா என்று முதலில் பாருங்கள். பழைய ரௌட்டர் இன்னும் டிவிக்குக் கீழேதான் இருக்கிறது. ஷெல்டர் கதவருகே டிரங்கிங் வளையும் இடம் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தீபாவளிக்குள் ஒட்டித் தருவதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.