பின்தொடைக்கு வலு: குப்புறப் படுத்தா, உட்கார்ந்தா?

முழங்காலை மடக்கும் பயிற்சி ஒன்றுதான், ஆனால் உடலை வைக்கும் விதம் விசையை மாற்றிவிடும். குப்புறப் படுத்தால் இடுப்பு நிமிர்ந்திருக்கும். பின்தொடைத் தசை இடுப்பையும் முழங்காலையும் தாண்டி ஓடுவதால், முழங்கால் மடங்க மடங்க அது இரு முனையிலும் குறுகும். தசையைச் சுருக்கும் புரத இழைகளான ஆக்டினும் மயோசினும் நெருக்கியடித்துக்கொண்டு விசை இறங்கும். பலருக்குத் தசை பிடித்துக்கொள்வதும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

உட்கார்ந்தால் இடுப்பு மடங்கியிருக்கும், தசையின் மேல்முனை நீண்டே நிற்கும், இழைகள் நன்றாகக் கோத்துக்கொள்ளும். மனிதத் தசையில் சார்கோமியரின் (தசையின் மிகச் சிறிய சுருங்கும் அலகு) நீளம் சுமார் 2.6 முதல் 2.8 மைக்ரோமீட்டராக இருக்கும்போது விசை உச்சம். அதைத் தாண்டி இழுத்தாலும் குறையும்.

வலுவேற்ற உட்கார்ந்து செய்வதே என் தேர்வு. தசை கிழிந்து சில நாள்தான் ஆகிறதா? அப்போது நீட்டம் வேண்டாம், படுத்தே லேசாகத் தொடங்குங்கள்; வலி அடங்கியதும் அப்புறம் உட்காரலாம்.