மீன் எளிய உணவாம்: ஒரு தவக்காலச் சிறுநூலோடு 46 நாள்

ஐம்பது ரூபாய். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஊதா அட்டை, அட்டையில் முள்முடி. போன வருஷம், 2025-ல், தவக்காலத்துக்கு (உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின 40 நாள் நோன்பு) முந்தின ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் மேசை போட்டு இந்த ஜெபப் புத்தகத்தை விற்றார்கள். இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று சென்னையில் இருக்கிற தங்கச்சிக்கு. வெளியிட்டவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. குறை சொல்லப்போகிறேன், அவர்களோ நல்ல மனசோடுதான் போட்டிருக்கிறார்கள்.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் என்ற ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். மாமியாருக்கு 73 வயது, கண் புரை எடுத்தாச்சு, இருந்தாலும் பொடி எழுத்து படிக்க முடியாது. இந்தப் புத்தகத்தில் எல்லாமே பொடி எழுத்து. அதனால் விடியற்காலை சத்தமாக வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தவக்காலத்தில் ஜெபப் புத்தகத்தைத் தேடுகிறவர்களில் பாதிப்பேர் வயசானவர்கள். எழுத்தைப் பெரிசாக்கி பத்து ரூபாய் கூட வாங்கியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

முதல் பக்கம் முன்னுரை. பிறகு மார்ச் 5 சாம்பல் புதனில் இருந்து ஏப்ரல் 20 உயிர்ப்பு ஞாயிறு வரை நாளுக்கு ஒரு பக்கம். (ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 வரும். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை விரல் விட்டு எண்ணிவிட்டு “ஆறு நாள் கூட வருதே” என்று கேட்கும்.) பக்கத்தின் மேலே அன்றைய வாசகங்களின் எண், அதற்குக் கீழே அரைப் பக்கச் சிந்தனை, ஒரு வரி ஜெபம், கடைசியில் கட்டம் கட்டி “இன்று செய்ய” என்று ஒரே ஒரு காரியம்.

முதல் நாளே சிக்கல். சாம்பல் புதன் பக்கத்தில் எழுதியிருந்தது: இறைச்சியைத் தவிர்த்து, காய்கறி, மீன் போன்ற எளிய உணவோடு நாளைக் கழிப்போம். வாசித்து முடிக்கவில்லை, மாமி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “மீனு எளிய சாப்பாடா? அப்ப நாம வருஷம் பூராவும் தவக்காலந்தான் புள்ள இருக்கோம்.”

சட்டப்படி அவர்கள் எழுதினதில் தப்பில்லை. சுத்தபோசனம் என்றால் இறைச்சி கிடையாது, மீன் ஆகும். 14 வயதுக்கு மேல் எல்லாருக்கும் அது உண்டு. ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, 18-ல் தொடங்கி 59-ல் முடிகிறது. ஆனால் எங்கள் தெருவில் கோழி எடுப்பது வாரத்துக்கு ஒருநாள், ஆட்டுக்கறி திருநாளுக்கு. படகு கரை வந்தால் சூடையோ காரலோ கணவாயோ ஏதாவது ஒன்று குழம்புக்கு வந்துவிடும். மீனை விடுவதுதான் இங்கே ஒறுத்தல். ஒருசந்தியில் இருந்து மாமிக்கு வயசு விலக்குக் கொடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனாலும் தவக்கால வெள்ளி என்றால் மதியம் வரைக்கும் தண்ணீர்தான், மதியம் கஞ்சியும் தேங்காய்த் துவையலும். கருவாட்டைச் சுட்டு அடுத்த வீட்டில் மணக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பற்றி எழுதியிருந்தால் அது எங்கள் புத்தகமாக ஆகியிருக்கும்.

எழுதினவர்கள் பெரிய நகரத்தில் இருப்பவர்கள் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. டிராபிக் சிக்னலில் பொறுமை, லிஃப்டில் முன்பின் தெரியாதவருக்குப் புன்னகை, ஆபீஸ் டீ இடைவேளையில் புறணி பேசாதிருத்தல். தங்கச்சிக்கு இதெல்லாம் அப்படியே ஒட்டியது, போனில் சொன்னாள். எனக்கு லிஃப்டுக்குப் பதிலாகப் பாம்பன் பஸ் என்று மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சாம்பல் புதனுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினவர்களுக்கு ஓரியூர் நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் ஆற்றாமை. அருளானந்தர் என்று நாம் சொல்கிற ஜான் தெ பிரிட்டோ சாமியாரை அங்கே வெட்டிய 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன். லிஸ்பனில் பிறந்த மனுஷன் இங்கே வந்து மாமிசத்தைத் தொடாமல் பண்டாரசாமி மாதிரி வாழ்ந்து, சேதுபதி சீமையிலேயே தலையைக் கொடுத்தார். திருவாடானைப் பக்கம் அவர் வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணை இன்றைக்கும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நெற்றியில் சாம்பல் பூசுகிற நாளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பக்கத்தில் இருந்ததோ ஏதோ ஒரு வெளிநாட்டு ராஜாவின் கதை.

இனி நல்லதைச் சொல்கிறேன். “இன்று செய்ய” கட்டம். அதற்காகவே ஐம்பது ரூபாய் கொடுக்கலாம். அதில் “அன்பாயிருங்கள்”, “தாழ்ச்சியாயிருங்கள்” என்று பொத்தாம்பொதுவாக எதுவும் இல்லை. மார்ச் 10, முதல் வாரத் திங்கள், மத்தேயு 25: பசியாயிருந்தேன், அன்னியனாயிருந்தேன் என்று வருகிற இடம். கட்டத்தில் ஒரே வரி: இன்று உங்கள் வாசலுக்கு வருகிறவரின் பெயரைக் கேளுங்கள். அன்றைக்கு வந்தவர் தண்ணி வண்டிக்காரர். ஆறு வருஷமாக எங்கள் தெருவில் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், நான் “தண்ணி வண்டி” என்றுதான் கூப்பிடுவேன். பெயர் கேட்டதும் ஏதாவது புகார் கொடுக்கப்போகிறேனோ என்று பயந்துவிட்டார். இப்போது பெயரோடு பாய் சேர்த்துக் கூப்பிடுகிறேன். அவருக்கு மூட்டு வலி என்பதும், குடத்தை நாமே தூக்கிக்கொண்டால் அவருக்கு எவ்வளவு லேசு என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து மார்ச் 14. இந்தப் பக்கத்துக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா தொடக்கம். 2024-ல் எங்கள் ஆட்கள் கைதுகளைக் கண்டித்துத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள், அதனால் 2025-ல் போக வேண்டும் என்று மனசு துடித்தது. ராமேஸ்வரம் துறைமுகத்தில் அடையாள அட்டை, சோதனை, வரிசை எல்லாம் முடிந்து படகேறினேன். ஆதார் போட்ட பிளாஸ்டிக் கவரிலேயே புத்தகத்தையும் செருகியிருந்தேன். அன்றைய நற்செய்தி மத்தேயு 5: காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு.

புத்தகத்துச் சிந்தனை இதைத் தலைகீழாக வாசித்திருந்தது. நம்மைப் புண்படுத்தியவர்களை நினைத்து மன்னிப்போம் என்று எழுதியிருந்தது. வசனம் அப்படிச் சொல்லவில்லையே. மனத்தாங்கல் எனக்கு இல்லை, அவனுக்கு. குற்றம் என் பக்கம். படகின் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று தடவை வாசித்தேன், தண்ணீர் அட்டையில் தெறித்துக்கொண்டே இருந்தது.

சாயந்திரம் கொடியேற்றி, சிலுவைப்பாதை நடந்தது. பதினான்கு தலத்துக்கும் மண்ணில் முழந்தாள் போட்டு எழும்பினதில் கால் விட்டுப்போய், ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இலங்கை நெடுந்தீவில் இருந்து வந்த ஓர் அக்கா. பிள்ளைகள் எத்தனை, எந்த ஊர் என்று பேச்சு போனது. பிறகு கேட்டார்: “உங்கட அவர் என்ன போட்டிலை போறவர்?”

நாட்டுப்படகு என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. புத்தகம் மடியில் இருந்தது. விசைப்படகு என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் தேரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபமில்லாமல் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை: “எங்கட வலையளை உங்கட இழுவைப் படகுகள் ரெண்டு தரம் அறுத்துக்கொண்டு போச்சுது. அந்தக் கடன் இன்னும் முடியேல்லை.” இழுவைமடியை, கடலடியை வாரி இழுக்கிற அந்த வலையை, அவர்கள் நாட்டில் 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. எங்கள் படகுகள் மடி இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் கைதும் படகு பறிபோவதும் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். அந்தப் பக்கத்து வலைக் கடனைப் பற்றி ஒரு முகத்தைப் பார்த்து நான் காதால் கேட்டது அன்றைக்குத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். நான் யார் அதைச் சொல்ல, படகு முதலாளியா? ஆனாலும் சொன்னேன். “நீங்கள் என்ன செய்வியள்” என்றார்.

புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வசனத்தை வாசித்துவிட்டு, எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பேனா இல்லை. தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்து படகில் திரும்பும்போதுதான் உறைத்தது. 14-ன் பின்பக்கம் 15. 15-ன் நற்செய்தி: உங்கள் பகைவரிடம் அன்பு கூருங்கள். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த அக்கா என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ! வீட்டுக்காரரிடம் சொன்னேன். வலைக்கதையைக் கேட்டு, “அவுக சொல்றது நெசந்தான்” என்று மட்டும் சொன்னார். பின்பக்கக் கதையைக் கேட்டுத்தான் சிரித்தார்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு க்யூஆர் கோடு உண்டு, செல்போனில் பிடித்தால் அதே சிந்தனையை ஒருவர் வாசிப்பார். பின்னணி இசை அவர் குரலை அமுக்குகிறது. இரண்டு நாள் கேட்டுவிட்டு மாமி, “பாட்டு முடியட்டும், அப்புறம் சொல்லச் சொல்லு” என்றார். அதோடு விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் சப்பை. ஊதாரி மகனுக்கு என்ன எழுதுவார்கள் என்று யாருக்கும் தெரியும், அதையேதான் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் 6, புதுப் பாம்பன் பாலம் திறந்த ஞாயிறு, அந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் திறக்கவேயில்லை. ஊர் முழுக்கப் பாலத்துப் பேச்சு.

புனித வாரச் செவ்வாய் பக்கத்தில் ஒருவேளை உணவுச் செலவை ஏழைகளுக்கு எடுத்து வையுங்கள் என்று இருந்தது. அந்தச் செவ்வாய் ஏப்ரல் 15. விசைப்படகுக்குத் தடைக்காலம் தொடங்குகிற நாள், அன்றிலிருந்து 61 நாள் கடல் கிடையாது. படகுகள் கரையில் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நிற்க, நான் வாசித்தேன். மாமி ஒன்றும் சொல்லாமல் கோயிலில் கொடுத்த காகித உண்டியலில் பத்து ரூபாயைப் போட்டார். அதற்கு மேல் எனக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை.

கட்டுமானம் மோசம். இரண்டே ஸ்டேபிள் பின். எங்கள் உப்புக்காற்றுக்கு மூன்றாம் வாரத்திலேயே துருப்பிடித்து, நடுப்பக்கங்களில் காவிக் கறை இறங்கியது. நான் கிழித்த தாளின் மறுபாதியும் தளர்ந்து தொங்கியது. பின்னைக் கழற்றிவிட்டு வலை பின்னுகிற நைலான் நூலால் நடுவில் தைத்தேன். கடற்கரை ஊர்க்காரர்கள் வாங்கினால் வாங்கிய அன்றே தைத்துவிடுங்கள். விடியற்காலையை விட ராத்திரியில் வாசிப்பது நல்லது, கட்டத்தில் சொன்னதைச் செய்தோமா என்று கேட்க ஆள் இருக்கும்.

இந்த வருஷம், 2026-ல், சாம்பல் புதன் பிப்ரவரி 18. உயிர்ப்பு ஏப்ரல் 5, தடைக்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. புதுப் புத்தகம் வாங்கிவிட்டேன், விலை அதே ஐம்பது, எழுத்தும் அதே பொடி. கடையில் வைத்துத் தைப்பதற்கு முன்னால் முதல் காரியமாகச் சாம்பல் புதன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காய்கறி, மீன் போன்ற எளிய உணவு. அப்படியே இருந்தது.