கடல்மீனுக்கு வெள்ளைப் புள்ளி: செம்பா, உப்பைக் குறைப்பதா, தொட்டி மாற்றுவதா?

போன ஆடியில் எங்கள் தொட்டியில் இருந்த இரண்டு கிளவுன் மீனுக்கும் ஒரு நீல டாம்செல் மீனுக்கும் வெள்ளைப் புள்ளி நோய் விழுந்தது. புதிதாக வாங்கிய டாம்செலைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேரே விட்டதுதான் காரணம். முதலில் உப்பைக் குறைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்புறம் தொட்டி மாற்றினேன், கிளவுன் இரண்டும் பிழைத்தன. அதனால் நான் தொட்டி மாற்றுகிற பக்கம்தான்.

நோய் இன்னதென்று முதலில் தெரிய வேண்டும். உப்புக்கல் தூவியது போல, எண்ணக்கூடிய புள்ளி என்றால் அது கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. மா பூசியது போல எண்ண முடியாத துகள் படிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். வெல்வெட் சில நாளிலேயே கொன்றுவிடும், அதற்குச் செம்பைத்தான் தேட வேண்டும். கிளவுன் மீனின் தோலில் சளி தடித்து உரிந்தால் அது வேறு நோய்.

எந்த வழி என்றாலும் மணலும் கல்லும் இல்லாத தனித் தொட்டி வேண்டும். செம்பும் சரி, உப்புக் குறைந்த தண்ணீரும் சரி, பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

செம்பு பழைய, நம்பகமான மருந்து. ஆனால் சாதாரணச் செம்பு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரைக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் செத்துவிடும். தினமும் அளக்கச் சோதனைப் பெட்டி வேண்டும். நான் கேட்ட இடத்தில் அதைக் கொழும்பில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும் என்றார்கள். நான் செம்பு போட்டுப் பார்த்ததில்லை, இதற்கு மேல் சொன்னால் அது கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும்.

உப்பைக் குறைப்பது கேட்க இலகுவாக இருக்கும். தண்ணீரின் உப்பளவைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டுகிற கடல்நீரை 1.009க்கு இறக்கி, குறைந்தது நாலு கிழமை அப்படியே வைத்திருக்க வேண்டும். நான் தோற்றது இங்கேதான். எங்கள் வன்னிப் பக்கத்து ஆடி வெயிலும் காற்றும் தெரியும்தானே. சூடு தணிய 30 லீற்றர் தொட்டியைத் திறந்து வைத்து, மேலே மேசை விசிறியும் போட்டிருந்தேன். ஒரு அலுவலாக வவுனியா போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்து பார்த்தால் 1.011. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். அந்த அளவில் ஒட்டுண்ணி மறுபடி உயிர் பிடித்துவிடும், நாள் கணக்கை முதலில் இருந்து தொடங்க வேண்டும். டாம்செல் அந்தக் கிழமையே செத்தது. உப்புக் குறைத்த தண்ணீரால்தான் செத்தது என்று சொல்ல மாட்டேன், முதலே மெலிந்துதான் இருந்தது.

தொட்டி மாற்றுவதற்கு மருந்தும் வேண்டாம், தினம் அளக்கிற மீற்றரும் வேண்டாம், மணிக்கூடு போதும். ஒட்டுண்ணி மீனில் சில நாள் தின்றுவிட்டுக் கீழே விழுந்து கூடு கட்டும். விழுந்து மூன்று நாளுக்குள் அந்தக் கூட்டில் இருந்து குஞ்சு வெளிவராது. ஆகவே ஒவ்வொரு 72 மணித்தியாலத்துக்குள்ளும் மீனை இன்னொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றினால், விழுந்தது எல்லாம் பழைய தொட்டியோடு போய்விடும். முதலாம், 4ஆம், 7ஆம், 10ஆம் நாள் என்று மாற்றி, 13ஆம் நாள் எடுத்துவிடலாம். இரண்டு தொட்டி, இரண்டு வலை, இரண்டு காற்றுக்கல். ஒன்றின் தண்ணீர் ஒரு சொட்டும் மற்றதில் படக்கூடாது.

பழைய தொட்டியை நல்ல தண்ணீரில் கழுவி முற்றத்தில் காயப் போட வேண்டும். ஈரம் போனால் கூடு பிழைக்காது. இந்த வேலைக்கு வன்னி வெயிலைப் போல உதவி வேறில்லை. விசிறியை நிறுத்தாமல் ஓட விடலாம், கொஞ்சம் ஆவியானாலும் பரவாயில்லை, மூன்று நாளில் தண்ணீரே புதிதாகிறது. அதனால் மீன் கழிவில் இருந்து வருகிற அமோனியா நஞ்சும் பெரிதாகச் சேராது.

நாலு தரத்துக்கு 30 லீற்றர் வீதம் 120 லீற்றர் போதும். முல்லைத்தீவுக் கரையில் இருந்து லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் ஒரு பரல் தண்ணீர் கொண்டுவந்து, மூடி வைத்துச் சில கிழமை நிற்க விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்தேன். மாரியில் நந்திக்கடல் களப்பு வட்டுவாகல் பக்கத்தால் கடலோடு கலக்கிற நாட்களில் எடுக்க வேண்டாம், உப்புக் குறைந்து கலங்கலாக இருக்கும். பரல் நிறைத்ததும் ஒரு தரம் ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் சரி.

மீனைத் திரும்பத் திரும்பப் பிடிப்பது அதற்குக் கஷ்டம்தான். கிளவுன் தாங்கியது. டாங் போன்ற பெரிய, பயந்த மீனில் நான் செய்து பார்க்கவில்லை.

மூன்று வழிக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது, பெரிய தொட்டியில் மீனே இருக்கக்கூடாது. 72 நாள் வரை கூட்டில் கிடந்து வெளிவந்ததாகப் பதிவு உண்டு. நான் 76 நாள் வெறுமையாக விட்டேன். இறாலும் பவளமும் மட்டும் இருந்தன, அவற்றுக்கு நோய் ஒட்டாது. அந்த 76 நாளும் கிளவுன் இரண்டையும் அடுப்படி ஜன்னலடித் தொட்டியில் வைத்துச் சாப்பாடு போட்டேன். இப்போது பெரிய தொட்டியில் நிற்கின்றன, உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை.