விண்டரில மொபைல் டீடெய்லிங்: வெளிய கழுவுறதா, பே (உள்ள வச்சு வேலை செய்யிற இடம்) எடுக்கிறதா, உள்வேலை மட்டுமா, ஸ்னோ தள்ளுறதா?

ஒவ்வொரு வருஷமும் ஒக்டோபர் கடைசியில ரொறொன்ரோ பக்கம் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸில வானில சாமானோட வீடு வீடாப் போய்க் கார் கழுவிச் சுத்தம் பண்ணுற இந்த வேலை செய்யிற பொடியள் என்னட்ட கேக்கிறது ஒரே கேள்வி, அண்ணா விண்டருக்கு என்ன செய்யிறீங்கள். மே மாசம் லோன் எடுத்து வான் வாங்கி, டாங்க், பிரஷர் வாஷர், எக்ஸ்ட்ராக்டர் (கார்ப்பெட்டில இருந்து அழுக்குத் தண்ணியை உறிஞ்சிற மெஷின்) எல்லாம் பூட்டி, கோடை முழுக்க ஓடி ஓடி உழைச்சிட்டு பெப்ரவரியில அதே வானை அரைவிலைக்கு விக்கிறதை நான் கண்ணால பாத்திருக்கிறன், மனசு சரியாக் கஷ்டப்படும். சுயதொழில் செய்யிற ஆக்களுக்கு வேலை இல்லாத மாசத்துக்கெண்டு ஈஐ எண்ட அரசாங்க வேலையிழப்புக் காசு வராது, ஆனா வான் லோனும் இன்சூரன்ஸும் ஸ்னோ எண்டு பாத்து நிக்காது. நாலு விண்டரில ஒவ்வொரு வழியையும் நான் ஒருக்காலாவது செய்து பாத்திட்டன், அதால எனக்குத் தெரிஞ்சதை பக்கத்தில பக்கத்தில வச்சுச் சொல்லுறன்.

முதல்ல எல்லாருக்கும் வாற யோசனை, சுடுதண்ணி வச்சு வெளியிலயே கழுவுவம் எண்டது. நானும் முதல் விண்டர் அப்பிடித்தான் நிண்டனான். மைனஸ் 4ல ஒரு கறுப்பு அக்கோர்ட், தண்ணி வாளியில ஆவி பறக்குது, கையுறை போட்டிருக்கிறன், எல்லாம் சரிவரும் எண்டுதான் தொடங்கினன். பொனட்டைத் துடைச்சிட்டு கதவுக்குப் போய்த் திரும்பி வர பொனட்டில மெல்லிசா ஒரு கண்ணாடிப் படை, அதுக்கு மேல மைக்ரோஃபைபரை வச்சு இழுக்க நறுநறு எண்டு ஒரு சத்தம், துணியின்ர ஓரம் அப்பளம் மாதிரி விறைச்சுப் போச்சு. அந்தச் சத்தம் பெயின்ற்றில கோடு விழுற சத்தம். பேந்து ஸ்பிரிங்கில அந்தக் காரை என்ர காசில பொலிஷ் பண்ணிக் குடுத்தனான். கதவு ரப்பருக்குள்ள நிண்ட தண்ணியும் உறைஞ்சு, அடுத்த நாள் காலமை கஸ்டமருக்குக் கதவு திறக்க ஏலாமப் போச்சு.

சாமானுக்கும் அதே கதிதான். பம்புக்குள்ள கொஞ்சம் தண்ணி நிண்டாலே ஒரு இரவில பித்தளைத் தலை வெடிச்சிடும், அதால விண்டர் தொடங்க முதலே ஆர்வி கடையில விக்கிற அந்த ரோசா நிற அன்டிஃபிரீஸை பம்புக்குள்ளால ஓட விட்டு வைக்கிறதுதான் முறை. ஷாம்பு, ட்ரெஸ்ஸிங், ஸ்ப்ரே கோட்டிங் எல்லாத்தையும் இரவில வானுக்குள்ள விடாதேங்கோ, தண்ணியில செய்த சாமான் உறைஞ்சு உருகினா கனக்கப் பிரிஞ்சு போயிடும், பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழையபடி வராது.

ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது துடைச்ச பிறகு தண்ணி ஊத்திக் கழுவத் தேவையில்லாத வாஷ், இருக்கே எண்டு கேப்பீங்கள். ஆப்டிமம் நோ ரின்ஸ் மாதிரியான சாமான் 2 கலன் தண்ணிக்கு 1 அவுன்ஸ் காணும், ஒரு வாளியில ஒரு கார் முடிஞ்சிடும், கோடையில நான் அதைத்தான் கும்பிடுறனான். ஆனா ஜனவரியில காரின்ர கீழ்ப்பாதி முழுக்க உப்பும் மணலும் கட்டியாப் பிடிச்சிருக்கும், அதை நேர துணியால தொட்டா அரம் போட்ட மாதிரி. கஸ்டமரை முதல்ல காசு போட்டு அடிக்கிற கொயின் வாஷுக்கு அனுப்பி, அடிப்பக்கமும் சேர்த்து அடிச்சுக்கொண்டு வரச் சொல்லிப்போட்டு, அவையின்ர கராஜுக்குள்ள வச்சு ரின்ஸ்லெஸ் செய்தா சரி. ட்ரைவ்வேயில சவர்க்காரத் தண்ணியை ஓட விட்டு அது றோட்டோர மழைக்கானுக்குள்ள போனா ரொறொன்ரோவின்ர கழிவுநீர்ச் சட்டம், 681ஆம் அத்தியாயம், அதுக்கு இடம் குடாது. அதோட ட்ரைவ்வேயில ஓடின தண்ணி இரவில ஐஸாகி ஆரும் வழுக்கி விழுந்தா அது உங்கட தலையில. வெயிலடிச்சு பிளஸ் 5 காட்டுற நாள் மட்டும் நான் வெளிய கழுவுவன், மற்ற நாள் இல்லை.

அடுத்தது பே, அதாவது காரை உள்ள விட்டு வேலை செய்யிற இடம், வாடகைக்கு எடுக்கிறது. டாப்ஸ்கொட், மக்னிகல், ஃபிஞ்ச் பக்கம் இருக்கிற இன்டஸ்ட்ரியல் யூனிட்டுகளில ஒரு பே. பெயின்ற்றுக்கு மேல பாதுகாப்புப் படை போடுற செராமிக் கோட்டிங், கீறல் போக்கிற பெயின்ற் கரெக்‌ஷன் செய்யிற ஆளெண்டா இதுக்கு நிகர் ஒண்டுமில்லை, கோடையில மட்டும் ஓடுற காரை விண்டருக்கு உள்ள விட்டிட்டு வேலை செய்விக்கிற ஆக்களும் இருக்கினம், ஒரு காரில வாற காசு பத்து வாஷில வராது. ஆனா மூண்டு விஷயம் யோசியுங்கோ. லீஸ் எண்டா பெரும்பாலும் வருஷக்கணக்கு, டிசம்பருக்கு மட்டும் தாங்கோ எண்டா தரமாட்டினம், அப்ப ஜூலையிலயும் அந்த வாடகையை நீங்கள் உழைக்கவேணும். ரெண்டாவது இன்சூரன்ஸ், அடுத்தவையின்ர கார் இரவில உங்கட பொறுப்பில நிண்டா உங்கட வான் பாலிசி அதுக்குப் பிடிக்காது, ஒன்ராறியோவில அதுக்கு ஓஏபி 4 எண்டு தனி கராஜ் பாலிசி இருக்கு, புரோக்கரோட இருந்து வடிவாக் கதையுங்கோ. மூண்டாவதுதான் எனக்குப் பெரிசு, எங்கட கஸ்டமர் எங்களை எடுக்கிறதே நாங்கள் அவையின்ர வாசலுக்குப் போறதால. காரைக் கொண்டந்து விடுங்கோ எண்டதும் சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டுக்காரர் பாதிப்பேர் ஸ்பிரிங்குக்குப் பாப்பம் எண்டு விட்டிட்டினம்.

நான் ஒரு யூனிட்டில சனி, ஞாயிறு மட்டும் பங்குக்கு நிண்டு பாத்தன். சனிக்கிழமை கோட்டிங் போட்டுப் பாதியில நிக்கிறன், கட்டடக்காரர் கிழமைக் கடைசி எண்டு ஹீட்டைக் குறைச்சுப்போட்டினம், சுவரில தேர்மோமீட்டர் 8 காட்டுது. கோட்டிங் போட்டு ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்தில வானவில் மாதிரி மினுங்கவேணும், அப்பத்தான் துடைக்கிறது. அண்டைக்கு அது மினுங்கவே இல்லை, நான் துடைச்சது பிந்தியோ முந்தியோ தெரியாது, காலமை லைட் அடிச்சுப் பாத்தா கூரை முழுக்கத் திட்டுத் திட்டா நிக்குது. பங்குக்கு எடுக்கிறதெண்டா ஞாயிற்றுக்கிழமை ஹீட் எத்தினை டிகிரியில நிக்கும் எண்டதை எழுத்தில வாங்குங்கோ. வாடகையைவிட அது முக்கியம்.

இப்ப நான் நம்பி நிக்கிற வழிக்கு வாறன், காரின்ர உள்வேலை மட்டும், கஸ்டமரின்ர கராஜில இல்லாட்டி கொண்டோவின்ர அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்கில. விண்டரில காருக்கு வாற உண்மையான சேதம் காலடியிலதான். றோட்டில போடுற கல்லுப்பு மட்டுமில்லை, குளிர் கூடினா கல்சியம் குளோரைட்டும் சேர்த்து அடிப்பினம், அது காத்தில இருக்கிற ஈரத்தையே இழுத்து வச்சிருக்கும், அதாலதான் சில காரின்ர கார்ப்பெட் காயவே காயாது, கண்ணாடி உள்ளுக்க புகை பிடிச்ச மாதிரி நிக்கும்.

சுடுதண்ணியும் வெள்ளை வினாகிரியும் பாதிக்குப் பாதி, அடிச்சு ஒரு அஞ்சு நிமிஷம் ஊற விட்டு, மெல்லப் பிரஷ் பண்ணி எக்ஸ்ட்ராக்டரால இழுக்கிறது. முதல் வருஷம் இதை ஒருதரம் செய்துபோட்டு வந்திடுவன். ஹொஸ்பிட்டலில நைட் ஷிஃப்ட் செய்யிற ஒரு அக்கா மூண்டாம் நாள் கோல் எடுத்தா. “தம்பி, குறை நினையாதேங்கோ, நீங்கள் செய்த இடம் திரும்பவும் வெள்ளையா வந்திட்டுது.” போய்ப் பாத்தன், உண்மைதான், ட்ரைவர் பக்கம் சப்பாத்துக் குதி வைக்கிற இடத்தில வட்டமா வெள்ளைக்கோடு. கார்ப்பெட்டுக்குக் கீழ இருக்கிற ஸ்பொஞ்சுக்குள்ள உப்புத் தண்ணி இறங்கி நிக்கும், மேல்பக்கம் காய்ஞ்சதும் கீழ இருக்கிறது திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி மேல ஏறும். “அக்கா, இது என்ர பிழை, இன்னொருக்கா செய்து தாறன், காசு வேண்டாம்” எண்டு சொல்லி அண்டைக்கு மூண்டுதரம் இழுத்தன், கடைசியா வெறும் சுடுதண்ணியால, டாங்கில வாற தண்ணி தெளியுமட்டும். அந்த அக்கா இண்டைக்கும் என்ர கஸ்டமர், அவவின்ர வோர்ட்டில வேலை செய்யிற ஆக்கள் நாலுபேரும் என்ர கஸ்டமர்.

காய வைக்கிறதுக்கு ஃபேன் கட்டாயம், குறைஞ்சது ரெண்டு மணித்தியாலம், ஈரத்தோட விட்டா இரவில உறைஞ்சு காலமை மணக்கும். கரண்ட் கணக்கும் பாருங்கோ, வீட்டுக் கராஜில இருக்கிற சாதாரண ப்ளக் 15 ஆம்ப், 120 வோல்ட், உச்சம் 1800 வாட், தொடர்ந்து ஓட விடுறதெண்டா 1440. ஹீட்டர் வச்ச எக்ஸ்ட்ராக்டர் ஒண்டு ஓடுதெண்டா அதோட 1500 வாட் ரூம் ஹீட்டரையும் போட்டா பிரேக்கர் விழும், வீட்டுக்காரரின்ர ஃப்ரீசரும் அதே லைனில இருந்தா பிரச்சினை. ஆனா அதுக்காக ஜெனரேட்டரையோ புரோப்பேன் ஹீட்டரையோ மூடின கராஜுக்குள்ள ஓட விடாதேங்கோ, கதவைக் கொஞ்சம் திறந்து வச்சிருக்கிறன் எண்டு சமாதானம் சொல்லாதேங்கோ, கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, தலை சுத்துது எண்டு தெரியிற நேரம் எழும்ப ஏலாது. இதைக் கெஞ்சிக் கேக்கிறன். கொண்டோ எண்டா மனேஜ்மென்ற்றிட்ட அனுமதியும் உங்கட லயபிலிற்றி இன்சூரன்ஸ் பேப்பரும் முதலே குடுத்து வையுங்கோ, நிலத்தில ஒரு சொட்டுத் தண்ணி விடாம ஒருக்கா செய்து காட்டினா அந்த பில்டிங்கில அடுத்த கஸ்டமர் தானா வரும்.

டயர் மாத்துறது இதுக்கு நல்ல சோடி. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழ போனா விண்டர் டயர்தான் பிடிக்கும், ஒன்ராறியோவில சட்டக் கட்டாயம் இல்லை, ஆனா 2016 ஜனவரி 1இல இருந்து இன்சூரன்ஸ் கம்பனியள் அதுக்கு டிஸ்கவுண்ட் குடுக்கவேணும், அதால சனம் போடும். ரிம்மோட இருக்கிற டயரை மட்டும் எடுங்கோ. நட்டை எவ்வளவு இறுக்கிறம் எண்டு அளக்கிற டோர்க் ரென்ச் இல்லாம தொடாதேங்கோ, கொரோலாவுக்கு 76 ஃபுட்-பவுண்ட், சிவிக்குக்கு 80, ஒவ்வொரு காருக்கும் மனுவலில பாத்து, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்ப இறுக்கிப் பாருங்கோ எண்டு கஸ்டமருக்கு டெக்ஸ்ட் போடுங்கோ. சரிவான ட்ரைவ்வேயில ஜாக் வைக்கவே வேண்டாம். சீசன் என்ன, ஒரு ஆறு கிழமை, ஆனா அந்த ஆறு கிழமையில இருவது முப்பது வீட்டுக் கராஜுக்குள்ள நீங்கள் போறீங்கள், ஆருக்கு ப்ளக் இருக்கு, ஆருக்கு ஹீட் இருக்கு எண்டெல்லாம் தெரிஞ்சிடும்.

ஸ்னோ தள்ளுறதை கனபேர் பெரிய வழி எண்டு நினைக்கினம், எனக்கு அது ஒத்துவரேல்லை. ஸ்னோ எல்லாருக்கும் ஒரே நேரம்தான் கொட்டும், பத்து வீட்டுக்காரரும் காலமை ஆறு மணிக்கு முதல் வேணும் எண்டுவினம். 2022 ஜனவரி 17 ஞாபகம் இருக்கும், ரொறொன்ரோவின்ர பெரிய றோட்டுகளான டிவிபி, கார்டினர் ரெண்டையும் மூடின நாள், எனக்கு அடுத்த தெருவுக்கே போக ஏலாம இருந்தது, ஃபோன் மட்டும் அடிச்சபடி. ஆரும் வழுக்கி விழுந்தா வீட்டுக்காரரை மட்டுமில்லை, ஸ்னோ எடுக்க வந்த உங்களையும் இழுப்பினம். 2021 ஜனவரிக்குப் பிறகு விழுந்த ஆள் 60 நாளுக்குள்ள எழுத்தில அறிவிக்கவேணும் எண்டு சட்டம் வந்திருக்கு, ஆனா வழக்கு வழக்குத்தான், இன்சூரன்ஸ் எடுக்கப் போனா விலையைக் கேட்டு வாயடைச்சுப் போவீங்கள். பிக்அப்பும் அதில பூட்டுற ஸ்னோ பிளவும் (ஸ்னோ தள்ளுற தகடு) ஏற்கெனவே வச்சிருக்கிற ஆளெண்டா கதை வேற. கார்ப்பெட் இழுக்கிற கை நாரிப்பிடிப்போட ஒரு கிழமை படுத்தா என்ன ஆகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மூண்டு மாசம் வெயர்ஹவுஸில நிக்கிறன், ஊபர் ஓடுறன் எண்டு போற ஆக்களையும் நான் பிழை சொல்லமாட்டன், வீட்டு மோர்கேஜ் கட்டவேணும். ஆனா கஸ்டமருக்கு மாசத்துக்கு ஒரு டெக்ஸ்டாவது போட்டுக்கொண்டிருங்கோ, ஏப்ரலில புது நம்பர் மாதிரி அடிச்சா எடுக்கமாட்டினம்.

இந்த வருஷம் நான் புதுசா ஒண்டு செய்யிறன். நவம்பரில டயர் மாத்தப் போற வீட்டில காரில காலடியில விரிக்கிற துணி மாட்டை (மிதியடி) எடுத்திட்டு றப்பர் மாட்டைப் போட்டுவிட்டு, துணி மாட்டை நானே கொண்டுபோய்க் கழுவிக் காய வச்சு என்ர பேஸ்மென்ட்டில ஏப்ரல்மட்டும் வச்சிருக்கிறன், அதுக்குக் காசு எடுக்கிறேல்லை. இப்ப அங்க முப்பத்தெட்டுக் காரின்ர மாட் அடுக்கிக் கிடக்கு, ஒவ்வொண்டிலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேரும் வண்டி நம்பரும் எழுதியிருக்கு, அந்த நைட் ஷிஃப்ட் அக்காவின்ரதான் மேல கிடக்கு.