யன்னலைச் சாத்தாத வகுப்பு: மலைநாட்டுக் குளிரில் கூட்டுப் பயிற்சிக்குத் திரும்பிய அனுபவம்

கொவிட் தொற்றால் இலங்கையில் 2021 ஓகஸ்ட் 20 இல் போட்ட தனிமைப்படுத்தல் ஊரடங்கு ஒக்டோபர் 1 அன்று நீங்கிய பிறகு, மலைநாட்டு மண்டபங்களில் ஏரோபிக்ஸ், சும்பா, யோகா வகுப்புகள் மெல்லத் தலைகாட்டின. வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, கை கழுவத் தண்ணீர், தரையில் இடைவெளிக் கோடு எல்லாம் வந்துவிட்டன. குளிருக்குப் பயந்து யன்னலை மட்டும் சாத்தி வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் பழகிப் பார்த்ததில், மற்ற எல்லா ஏற்பாடும் சேர்ந்தாலும் அந்த யன்னலுக்கு ஈடாகவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறு, எட்டு லீற்றர் காற்றை மூச்சில் எடுக்கிறார். துள்ளி ஆடும்போது அது 60 லீற்றரைத் தாண்டும். வெளியே விடுவதும் அதே அளவுதான். 2020 பெப்ரவரியில் தென்கொரியாவின் சொனான் நகரில் 12 உடற்பயிற்சி நிலையங்களின் நடன வகுப்புகளோடு தொடர்புபட்டு 112 பேருக்குத் தொற்றியது. ஏறத்தாழ 60 சதுர மீற்றர் அறை, 5 முதல் 22 பேர், 50 நிமிட ஆட்டம். தொற்றோடு இருந்த பயிற்றுநர் ஒருவர் பிலாட்டீஸ், யோகா வகுப்புகளும் எடுத்தார். ஏழெட்டுப் பேர் மெதுவாகச் செய்த அந்த வகுப்புகளில் யாருக்கும் தொற்றவில்லை. ஆட்களின் எண்ணிக்கை, மூச்சின் வேகம், அறையின் காற்று மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம்மூர் மண்டபத்துக்குக் கணக்குப் போடுவோம். 30 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி உயரம் என்றால் உள்ளே ஏறத்தாழ 204 கன மீற்றர் காற்று. நடுத்தர வேகத்தில் பயிற்சி செய்பவர் நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவு காபனீரொட்சைட்டு விடுகிறார். 12 பேர் இருந்தால், எல்லாம் சாத்திய அறையில் அதன் செறிவு நிமிடத்துக்கு 60 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 60 பங்கு) அளவு ஏறும். வெளிக்காற்றில் 420. ஆக, ஏழு நிமிடத்துக்குள், வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கான 800 ஐத் தாண்டிவிடும். உடம்பு சூடாக்கும் பயிற்சியே அப்போது முடிந்திருக்காது. அடுத்தவர் விட்ட மூச்சு நமக்கு எவ்வளவு வருகிறது என்பதற்கு இந்த எண்தான் கண்ணாடி.

இதை அளக்கும் சிறிய மீற்றர் வாங்கினால் கொடுத்த காசுக்குப் பயன் உண்டு. ஆனால் மலையில் ஒரு சிக்கல். அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் இந்தக் கருவிகள் கடல்மட்ட அமுக்கத்துக்கென்று அமைக்கப்பட்டவை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். உயரத்தைப் பதியாமல் விட்டால் உண்மையான 1000, திரையில் 800 போலத் தெரியும், வகுப்பே ஏமாந்துபோகும். அமைப்பில் உயரம் என்ற இடத்தைத் தேடிப் பதியுங்கள். பிறகு கருவியை வெளியே 15 நிமிடம் வைத்துப் பாருங்கள், 420 ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பல கருவிகள் கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தாமாகச் சரிசெய்யும். அவற்றை மண்டப அலுமாரியில் பூட்டி வைத்தால் எண் பிசகும்.

யன்னலுக்கு வருவோம். பழைய கட்டடங்களில் வருடா வருடம் அடித்த பெயின்ற் பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடும். கத்தி நுனியால் விளிம்பைக் கீறி, பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டால் திறக்கும். ஒரே சுவரில் மூன்று யன்னலைத் திறப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று திறப்பது மேல். தென்மேல் பருவமழையில் சாரல் அடிக்கும் பக்கத்தைச் சாத்தி, மறுபக்க யன்னலில் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். கதவு வழியாகப் புதுக்காற்று வரும். விசிறியை மட்டும் நம்பியிருந்தால் ஆபத்து. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. திறந்த யன்னலுக்கு மின்சாரம் தேவையில்லை.

குளிர் இதில் நமக்கு உதவியும் செய்கிறது. உள்ளே சூடும் வெளியே குளிருமாக இருந்தால் சூடான காற்று மேல் திறப்பால் வெளியேறி, கீழ்த் திறப்பால் குளிர்காற்று புகும். வித்தியாசம் கூடக்கூட ஓட்டமும் கூடும். அதனால் யன்னலுக்கு மேலேயுள்ள காற்றுத்துளைகளைப் பேப்பர் வைத்து அடைத்திருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள்.

குளிரைத் தாங்க உடுப்பை மாற்றினால் போதும். முதல் 12 நிமிடம் ஸ்வெட்டரோடு, காலைத் தரையிலிருந்து அதிகம் எடுக்காமல் நடையும் கைவீச்சும். வேர்வை வந்தால் கழற்றுங்கள். கடைசியில் தசையை நீட்டித் தளர்த்தும் பயிற்சிக்கு முன் ஈரச் சட்டையை மாற்றி ஸ்வெட்டரைத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலான வகுப்புகள் தவறுவது இந்த இடத்தில்தான். வேர்வை ஆறிக் குளிரெடுக்கத் தொடங்கியதும் யாராவது எழுந்து யன்னலைச் சாத்துவார்; அறைக் காற்று மிகவும் கெட்டிருப்பதும் அந்த நேரம்தான். சீமெந்துத் தரை சில்லிட்டால் அந்தப் பயிற்சியை நின்றபடியே முடித்துவிடலாம்.

முகக்கவசத்தில் துணியால் தைத்தது இந்த வேலைக்கு ஆகாது; நனைந்து மூக்கோடு ஒட்டி மூச்சை அடைக்கும். சேர்ஜிகல் மாஸ்க் நல்லது, ஆனால் வகுப்பின் பாதியில் ஈரமாகிவிடும், ஒன்று மேலதிகமாக வேண்டும். கேஎன்95 முன்பக்கம் கூடுபோல நிற்பதால் வாயில் ஒட்டாது. மூக்குக்கம்பியை இரு கைவிரலாலும் அழுத்திப் படியவிட்டால் கண்ணாடி போட்டவர்களுக்குப் புகையும் படியாது. டீச்சர் கத்திச் சொல்லும்போதுதான் மூச்சோடு வரும் நுண்துணிக்கைகள் அதிகம் பறக்கின்றன. பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, கைச்சைகை பழக்கினால் கத்தத் தேவையே வராது.

தரையில் விரிக்கும் பயிற்சி மெட்டுக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். புளீச்சிங் திரவம் ஸ்பொஞ்சை அரிக்கும். கதவுப்பிடிக்கு அது வேண்டுமென்றால் 5 வீதத் திரவத்தில் 20 மில்லிலீற்றருக்கு 980 மில்லிலீற்றர் தண்ணீர்; அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், கழிப்பறை அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. துடைத்த மெட்டை ஈரத்தோடு சுருட்டினால் ஆடி மாத மூடுபனியில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சப்பாத்தையும் பாருங்கள். ஒன்றரை வருடம் ஈரக்காற்றில் சும்மா கிடந்த சப்பாத்தின் பொலியூரித்தேன் அடி, புதிதுபோலத் தெரிந்தாலும் உள்ளே உளுத்திருக்கலாம். கையால் வளைத்து, விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். உதிர்ந்தாலோ பிளந்தாலோ அணியாதீர்கள். துள்ளலின் நடுவே அடி கழன்றால் கணுக்கால் போய்விடும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு மூச்சு சில வாரத்தில் திரும்பும். குதிகாலின் தசைநாணுக்கு அதைவிட நாளாகும். முதல் மூன்று வாரம் துள்ளல் வேண்டாம், அதே அசைவை நடையாகச் செய்யலாம். பகல் முழுக்க மலைச்சரிவில் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்களின் கால் ஏற்கெனவே உழைத்தது. அவர்களுக்குத் தோளும் முதுகும் தளரும் பயிற்சிதான் முதலில்.

கொவிட் வந்து சுகமானவர்கள், அறிகுறி முழுதாக நின்று ஏழு நாள் கழித்துத்தான் தொடங்க வேண்டும். பிறகு இரண்டு வாரம், முழு வசனம் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகம் மட்டும். வகுப்பு நேரத்தில் நன்றாக இருந்து, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு அடித்துப்போட்டது போலக் கிடந்தால், வேகத்தையும் நேரத்தையும் குறையுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, தலைச்சுற்றல் வந்தால் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை பயிற்சி வேண்டாம்.